குளோரிக்கு மூன்றாம் தண்ணீர்

1

சென்ற சனிக்கிழமை மோஷியில் இந்தியக் கல்லூரிகளின் சேர்க்கைக் கண்காட்சி நடந்தது. மோஷி, தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்தில் உள்ள ஓர் ஊர். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நான், இங்கே சர்க்கரை ஆலையின் பரிசோதனைக்கூடத்துக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

கண்காட்சி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓட்டலின் கல்யாணக் கூடம், வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு கல்லூரியின் பெயர் போட்ட துணி. வட இந்தியக் கல்லூரிகள்தான் அதிகம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியும் சென்ற வருடத்திலிருந்து வருகிறது. அதன் சார்பில் வருகிற அருண் என்ற இளைஞருக்கு ஸ்வாஹிலி தெரியாது. ஊர்க்காரன் என்ற உரிமையில் என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்வார். நானும் நிற்பேன்.

காலையில் நாங்கள் துணியைக் கட்டி முடிப்பதற்குள் என் பக்கத்து வீட்டுக்காரி மாமா குளோரி வந்துவிட்டார். ஸ்வாஹிலியில் ‘மாமா’ என்றால் அம்மா. இங்கே பெற்றவர்களைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவர் குளோரியின் அம்மா, நான் பாபா அமலா, அதாவது அமலாவின் அப்பா. மாமா குளோரி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் இல்லை. ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் புது கிட்டேங்கேத் துணியைச் சனிக்கிழமையே கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து எங்கள் மேசைக்குப் பின்னால், கல்லூரிக்காரர்கள் உட்காரும் பக்கத்தில், போட்டு உட்கார்ந்தார்.

அருண் என் காதருகே வந்தார். “சார், அவுங்க போன வருஷம் நம்மகிட்ட சண்டை போட்ட அம்மாதானே?”

“அவங்கதான்.”

“இப்ப இந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க?”

அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2

சென்ற வருடம் இதே கூடத்தில் மாமா குளோரி மேசைக்கு எதிர்ப்பக்கம், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். குளோரிக்கு வேளாண்மை படிக்க ஆசை. காப்பிச் செடியும் வாழையும் வளரும் மலைச்சரிவில் பிறந்த பெண்ணுக்கு அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. வழவழப்பான கையேட்டைப் புரட்டிப் பார்த்து அவள் மனத்துக்குள் சேர்ந்தே விட்டாள். அம்மாவிடம் மட்டும் ஒரு கேள்வி இருந்தது.

“என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள்?”

நான் மொழிபெயர்த்தேன். அருண் உடனே சொன்னார்: “இருபத்துநாலு மணி நேரமும் மெடிக்கல் ஃபெசிலிட்டி இருக்குன்னு சொல்லுங்க சார்.”

சொன்னேன். மாமா குளோரி என்னைத்தான் பார்த்தார், அருணைப் பார்க்கவில்லை.

“நான் வசதியைக் கேட்கவில்லை பாபா அமலா. ஆளைக் கேட்டேன்.”

வெளிநாட்டு மாணவர்களை ஈர்ப்பதற்குக் கல்லூரிகள் என்னென்னவோ செய்கின்றன. கட்டடத்தைக் காட்டுகின்றன, தரவரிசையைக் காட்டுகின்றன, விடுதிச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடுகின்றன. பிறநாட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் சேர்ந்தால் கல்லூரிக்கு மதிப்புக் கூடும் என்று அருணே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவருடைய மடிக்கணினியில் எந்தப் பக்கமும் இல்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “சிதம்பரத்தில் என் சிநேகிதன் குமார் இருக்கிறான். சிப்காட்டில் என்னோடு வேலை பார்த்தவன். மாடியில் ஓர் அறையைப் படிக்கிற பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறான். அவன் மனைவி செல்வி பார்த்துக்கொள்வாள்” என்றேன்.

“உன் பிள்ளையை நைரோபிக்கு அனுப்புகிறாய். என் பிள்ளைக்கு மட்டும் உன் ஊரா?”

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது உண்மை. என் மகள் அமலாவைக் கடலூர்ப் பக்கம் படிக்க வைக்க நானும் என் மனைவியும் எவ்வளவோ பேசிப் பார்த்தோம். “அங்கே எனக்கு யாரைத் தெரியும்?” என்று ஸ்வாஹிலியில் கேட்டுவிட்டு, நைரோபியில் இடம் வாங்கிக்கொண்டாள். அமலாவும் குளோரியும் ஒரே வேலிக்கு இரு பக்கமும் வளர்ந்தவர்கள். அந்த வேலியில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. வேர் எங்கள் பக்கம், நிழல் அவர்கள் பக்கம். காய்ச்சல் என்றால் மாமா குளோரி அதன் இலையைத்தான் கொதிக்க வைப்பார்.

கடைசியில் குளோரி அழுதே சாதித்தாள். விமானம் ஏறுவதற்கு முன் மாமா குளோரி என்னிடம் ஒரே ஒரு வாக்குறுதி கேட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் முடிந்ததும் காணொளியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க வைப்பதாகச் சொன்னேன்.

3

அயல்நாட்டில் வாழ்கிறவனுக்கு அலுவலக வரிசை புதிதல்ல. என் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம், “இன்னும் இங்கேதான் இருக்கிறாயா?” என்று கேட்பதுபோல ஓர் அதிகாரி என்னையும் என் பழைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். என் ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரிக்கு அதே வரிசை உண்டு என்பது குளோரி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அது ஓட்டல்களை நினைத்துச் செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. குமார் அங்கிருந்து கூப்பிட்டான்.

“மச்சான், லாட்ஜு பேரு இன்னான்னு கேக்குது. நான் என்ன லாட்ஜா நடத்துறேன்?”

“செல்வி இல்லம்னு போடு.”

பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது. “அப்ப இனிமே ஓனரு நான். நீ ரூம்பாய்.”

சில நாள் கழித்து ஒரு காவலர் விசாரிக்க வந்தாராம். “ஆப்பிரிக்காப் பொண்ணு ஒண்ணு இங்க இருக்காமே, எங்க?” என்றிருக்கிறார். “மாடில வத்தல் காயப் போடுது, இருங்க கூப்புடுறேன்” என்றிருக்கிறாள் செல்வி. கையெல்லாம் கூழ்வற்றல் மாவோடு இறங்கி வந்த குளோரி, “வணக்கம் சார், உக்காருங்க” என்று சொல்ல, காவலர் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார். இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை குளோரியே எங்களுக்கு நடித்துக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகவே போயின. மாமா குளோரி வேலிக்கு அந்தப் பக்கம் கைப்பேசியோடு உட்காருவார். பேசி முடித்ததும் எங்களிடம் நீட்டுவார். வரவர குளோரி எங்களிடம் தமிழில் பேசத் தொடங்கினாள். “சாப்டீங்களா ஆன்ட்டி? இங்க வெய்யில் ஜாஸ்தி” என்பாள். விடுமுறைக்கு நைரோபியிலிருந்து வந்திருந்த அமலா விழுந்து விழுந்து சிரிப்பாள். அமலாவுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஸ்வாஹிலியில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுச் சண்டைகூட இரண்டு மொழியில்தான் நடக்கும்.

“நம்ம பொண்ணு பேசாத தமிழ அந்தப் பொண்ணு பேசுது” என்றாள் என் மனைவி. அமலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

இந்த ஈஸ்டருக்கு நானும் அமலாவும் கடலூர் போனோம். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. முதுநகரில் என் தம்பி வீட்டில் தங்கினோம். அமலா சன்னலோரம் உட்கார்ந்து, நைரோபித் தோழிகளோடு விரலால் பேசிக்கொண்டே இருந்தாள். உறவினர்கள் வந்து, “பாப்பா தமிழ் பேசாதா?” என்று கேட்டுவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள். குளோரியைப் பார்க்க மறுவாரம் சிதம்பரம் போவதாக இருந்தோம்.

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். மோஷியிலிருந்து அழைப்பு வந்தது.

“பாபா அமலா, என் பிள்ளை எங்கே?”

குளோரியின் கைப்பேசி சில நாளாகவே அணைந்திருக்கிறது. மாமா குளோரி குமாரைக் கூப்பிட்டிருக்கிறார். குமார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “குளோரி டூர். பிச்சாவரம். போட்டிங்” என்றிருக்கிறான். மறுநாள் கூப்பிட்டபோதும் பிச்சாவரம்தான். அதற்கு மறுநாள், “நெட் ப்ராப்ளம்.” மாமா குளோரி சும்மா இருக்கிறவர் இல்லை. பிச்சாவரம் என்றால் என்னவென்று தேடிப் பார்த்திருக்கிறார். தண்ணீருக்குள் நிற்கும் காடு, காட்டுக்குள் போய் மறையும் படகு, இந்தப் படங்கள்தாம் அவருக்குக் கிடைத்தன.

“இத்தனை நாளாகவா படகு ஓட்டுகிறார்கள்? அவளுக்கு நீந்தத் தெரியாது.”

நான் குமாரைக் கூப்பிட்டேன். எடுத்தவன் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சான், ஒண்ணும் இல்ல. நீ கடலூர்ல தான இருக்க? இப்ப வராத. கொஞ்ச நாள் கழிச்சு வா.”

“குளோரிய கூப்புடுடா.”

“இப்ப முடியாது. ஃபோன்ல எல்லாம் சொல்ல முடியாது மச்சான். வைக்கிறேன்.”

வைத்தேவிட்டான். பள்ளி நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். அவன் இப்படி வைத்ததே இல்லை. கல்லூரிக்கும் விடுமுறை, கேட்க ஆள் இல்லை. திரும்ப மோஷிக்குப் பேசியபோது மாமா குளோரியின் குரலில் அழுகை இல்லை. அது போய்க் கோபமும் போய், தீர்மானம் மட்டும் இருந்தது.

“நாளைக்குள் நான் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நீயே அவளை விமானத்தில் ஏற்றிவிடு. படிப்பு போதும். இங்கே இன்னும் நாலைந்து வீட்டில் பிள்ளைகளை உன் ஊருக்கு அனுப்பலாமா என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.”

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

5

மறுநாள் காலை நானும் அமலாவும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். அமலா தானாகவே வந்தாள், கைப்பேசியைப் பைக்குள் போட்டிருந்தாள். சிப்காட்டைத் தாண்டும்போது சன்னல் வழியே அந்தப் பழைய நெடி வந்தது. ஒரு காலத்தில் எந்த ஆலையின் நெடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு அது எதுவும் மனத்தில் நிற்கவில்லை. புதுச்சத்திரம் வந்தபோது அமலா, “அப்பா, அவள் தினமும் எனக்கு ஒரு குறுஞ்செய்தியாவது போடுவாள். அதுவும் நின்றுவிட்டது. என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்” என்றாள். ஸ்வாஹிலியில்தான் சொன்னாள். நான் தமிழில், “ஒண்ணும் இருக்காது” என்றேன். இருவரும் நம்பவில்லை.

குமார் வீடு ரயிலடிக்குப் பின்னால் ஒரு தெருவில். தெருமுனையில் திரும்பியதுமே பார்த்துவிட்டேன். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை. வாசலில் சாணம் தெளித்து மஞ்சள் நீர் தெளித்திருந்தது.

அம்மை.

எனக்குப் பயம் வரவில்லை. முந்தின இரவு முழுவதும் நான் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்த காட்சிகளில் இது இல்லை என்ற ஆறுதல்தான் வந்தது. கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்கும் அந்த இலையின் பொருள் தெரியும். எனக்கு அம்மை போட்டபோது எங்கள் வீட்டில் சிலுவைக்கு நேர்கீழே வேப்பிலை கட்டியிருந்தார்கள். பங்குச் சாமியார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவார்.

“அண்ணே, அங்கியே நில்லுங்க! படி ஏறாதீங்க!”

செல்வி உள்ளிருந்து கையை நீட்டித் தடுத்தாள். அவளுக்குப் பின்னால் குமார் முள்ளு முள்ளாகத் தாடியோடு நின்றான். அம்மை வந்த வீட்டில் ஆண்கள் சவரம் செய்யக் கூடாது.

“பாரு மச்சான் என் கோலத்த. தெருவுல போறவன்லாம், எந்த மலைக்கு மாலன்னு கேக்குறான்.”

“ஏன்டா அந்த அம்மாகிட்ட பொய் சொன்ன?”

“ஆத்தா வந்திருக்கிறத ஊரெல்லாம் ஃபோன் போட்டா சொல்லுவாங்க?”

“அதுக்குப் பிச்சாவரமா?”

“டக்குனு வாயில அதான் வந்துச்சு.”

“ஏரி, கொளம்னு ஏதும் இல்லாம ஒரு கோயிலச் சொல்லக் கூடாதா? அந்தம்மா பொண்ணு முழுகிப் போச்சுன்னு நெனச்சிட்டு இருக்காங்க.”

“கோயிலுக்கும் குளம் இருக்கே மச்சான்” என்றான். அடிக்கலாம்போல் இருந்தது. வாசலைத் தாண்ட முடியாததால் விட்டேன்.

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்று செல்வியைக் கேட்டேன்.

“மொத நாளே டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போனாங்க. எழுதிக் குடுத்த மாத்திரைய வேளா வேளைக்குக் குடுக்குறேன். நான் என்ன அறிவு கெட்டவளா? இலையும் கட்டுவேன், மாத்திரையும் குடுப்பேன்.”

“அவ ஃபோன் எங்க?”

“அரிசி டிரம்முல. செல்லு சூடு அண்ணே. ஏற்கெனவே ஒடம்பு கொதிக்குது, அந்தச் சூடு வேறயா? அதுல படம் வேற தெரியுது. யார் யாரோ பாப்பாங்க. இந்த நேரத்துல வெளி ஆளு பார்வை படக்கூடாது.”

விளங்கிவிட்டது. அசலூர்க்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து திரையில் பார்ப்பதும் செல்விக்கு ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால் ஒன்றுதானே.

நான் மோஷியின் கெடுவைச் சொன்னேன். முகத்தைக் காட்டாவிட்டால் பெண்ணைத் திரும்ப அனுப்பச் சொல்கிறார்கள் என்றேன். “உங்களுக்கும் எதுக்கு வீணா தொந்தரவு? ஆஸ்பத்திரியில சேத்துட்டு, தேறுனதும் ஏத்தி வுட்டுடுறேன்” என்றும் சொல்லிப் பார்த்தேன்.

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது.

“என் வூட்டுக்கு வந்த ஆத்தாவ வெளிய போன்னு சொல்லணுமா? மூணாந் தண்ணி ஊத்தாம இந்தப் புள்ள இந்த வாசலத் தாண்டாது. அவுங்கம்மா என்ன, கலெக்டரே வந்து நின்னாலும் அனுப்ப மாட்டேன். ஆமா.”

உள்ளறையிலிருந்து குளோரியின் குரல் வந்தது. மெலிந்திருந்தாலும் அவள் குரல்தான். “அங்கிள், உள்ள வராதீங்க. வந்தா நீங்களும் போவ முடியாது.”

அமலா செருப்பைக் கழற்றினாள்.

6

“எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது” என்று என்னிடம் சொல்லிவிட்டு அமலா படியேறினாள். செல்வி வழியை மறித்தாள்.

“உள்ள வந்தா தண்ணி ஊத்துற வரைக்கும் வெளிய போவக் கூடாது. தெரியுமா பாப்பா? தாளிச்ச கொழம்பு கெடையாது, கறி மீனு கெடையாது. இருந்துக்குவியா?”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. அமலா தலையை ஆட்டிவிட்டு, செல்வியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது தெருவில் நான் மட்டும். பக்கத்து வீடுகளின் வாசலிலும் ஆட்கள். நான் கைப்பேசியை எடுத்து மாமா குளோரியைக் காணொளியில் அழைத்தேன்.

“முகத்தைக் காட்டு” என்றார், வணக்கம்கூட இல்லாமல்.

“முகத்தைக் காட்ட முடியாது. வாசலைக் காட்டுகிறேன்.”

கைப்பேசியைத் திருப்பினேன்.

“அசையாதே. பக்கத்தில் போ. அது என்ன இலை?”

“ம்வாரோபைனி.”

வேம்புக்கு ஸ்வாஹிலிப் பெயர் அது. நாற்பது நோய்க்கு மருந்தாகும் மரம் என்று பொருள். எங்கள் வேலியில் நிற்பதும் அதுதான்.

“யார் கட்டினார்கள்?”

“வீட்டுக்காரப் பெண். குளோரிக்கு டெட்டேகுவாங்கா. நன்றாக இருக்கிறாள், மருத்துவர் பார்த்திருக்கிறார். மருந்தும் கொடுக்கிறார்கள். குணமாகும்வரை வெளியார் பார்வை படக்கூடாது என்கிறாள் அந்தப் பெண்.” டெட்டேகுவாங்கா என்பது அவர்கள் மொழியில் சின்னம்மை.

“அம்மைதானா? தண்ணீரில் விழவில்லையே?”

“இல்லை.”

மாமா குளோரி கிட்டேங்கே முனையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். துணியை எடுத்தபோது சிரிப்பும் இருந்தது.

வாசலுக்குள்ளிருந்து செல்வி எட்டினாள். “என்ன சொல்றாங்க?”

“இது அவங்க வூட்டு வேலியில நிக்கிற மரந்தான். பாத்ததும் தெரிஞ்சிடுச்சு.”

“அங்க வேப்பமரம் இருக்கா!” செல்விக்கு அது பெரிய செய்தி. குமாரிடம் திரும்பி, “கேட்டியா, அங்கயும் இருக்காம்” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது, இரண்டு பெண்கள் என்னை நடுவில் நிறுத்தி வைத்துப் பேசிய பேச்சு.

“படுக்கைக்குக் கீழே இலை போட்டிருக்கிறாளா என்று கேள்.”

“போடாம? பச்சப் பாயி விரிச்சாப்ல பரப்பியிருக்கேன்.”

“நகத்தை வெட்டிவிடச் சொல். சின்ன வயதிலிருந்தே சொறிவாள்.”

“அது எனக்குத் தெரியாதா? மொத வேலையே அதான. அப்பியும் நைசா முதுக செவுத்துல தேய்க்குது அண்ணே, கழுத.”

கடைசி வார்த்தையை நான் மொழிபெயர்க்கவில்லை.

“மீன் கொடுக்க வேண்டாம்.”

“மீன்காரம்மாவே இந்தத் தெருவ சுத்திக்கிட்டுப் போவுது.”

கேள்விகள் தீர்ந்தன. மாமா குளோரி, “வெளியார் பார்க்கக் கூடாது என்று அவள் சொன்னால், சரி. எனக்கு முகம் வேண்டாம். குரல் போதும்” என்றார்.

செல்வியிடம் சொன்னேன். “கொரலு கேட்டா தப்பில்ல” என்று அனுமதி கொடுத்தாள். கைப்பேசியை வாசற்படிமேல் வைத்தேன். உள்ளிருந்து குளோரி கத்தினாள்.

“மாமா! நிப்போ!” அம்மா, இருக்கிறேன் என்று அர்த்தம்.

“மாமாங்குது, பொம்பளக் கொரலு பதில் சொல்லுது” என்று குமார் முணுமுணுத்தான். செல்வி அவனை முறைத்தாள். அவன் தாடியைச் சொறிந்துகொண்டான்.

தாயும் மகளும் பேசி முடிக்கும்வரை தெரு முழுவதும் காத்திருந்தது. அவர்கள் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை, ஒருவரும் நகரவும் இல்லை. முடிந்ததும் மாமா குளோரி என்னைக் கூப்பிட்டார். விமானம் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“பாபா அமலா, அந்தப் பெண்ணிடம் சொல். தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை என் பிள்ளையை எங்கேயும் அனுப்பக் கூடாது. நீ வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது.”

அப்படியே சொன்னேன்.

“அதத்தான நான் அப்பலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்!” என்றாள் செல்வி.

7

நான் தினமும் கடலூரிலிருந்து போய் வாசலுக்கு எதிரே நின்று, இளநீரையும் நுங்கையும் படியில் வைத்துவிட்டு வருவேன். அமலா வந்து எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் அவள் படிக்கு வரும்போதே உள்ளே திரும்பிக் கத்தினாள்.

“ஏய், சொறியாத! கைய எடு! இலையால தடவுன்னு எத்தினி தடவ சொல்றது?”

நான் இளநீரைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அவள் பேசி நான் கேட்ட முதல் முழுத் தமிழ் வாக்கியங்கள் அவை. அப்படியே செல்வியின் குரல், செல்வியின் இழுப்பு. அவள் என்னைப் பார்த்து, “என்ன?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அதைப் பெரிதாக்கினால் நிறுத்திவிடுவாள் என்ற பயம்.

முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீர் அன்று என்னைப் படியேற விட்டார்கள். முற்றத்துப் பித்தளை அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் காலையிலிருந்தே வெயிலில் வைத்திருந்த தண்ணீர். செல்வி மொண்டு ஊற்ற, அமலா தேய்த்துவிட்டாள். குளித்துத் தலை துவட்டி, செல்வியின் சேலையைச் சுற்றிக்கொண்டு குளோரி வந்து உட்கார்ந்தாள். முகத்தில் தழும்புகள் இருந்தன. சிரிப்பும் இருந்தது. அரிசி டிரம்மிலிருந்து கைப்பேசி வெளியே வந்தது. செல்வி அதை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

மோஷியில் மாமா குளோரி வேலியோரம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மனைவி. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “தேர்வு எப்போது?”

குமார் அதற்குள் சவரக்கடைக்கு ஓடிவிட்டான்.

8

சனிக்கிழமைக் கண்காட்சிக்குத் திரும்புகிறேன். நண்பகல் வாக்கில் மகனோடு ஓர் அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். அருண் மடிக்கணினியைத் திருப்பிக் கட்டடங்களைக் காட்டினார், ஆய்வகத்தைக் காட்டினார். பையன் ஆர்வமாகப் பார்த்தான். அந்த அம்மா எதையும் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நிலை தெரியும். கேள்வி வருவதற்கு முன்பே தெரியும்.

“என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள்?”

அருண் என்னைப் பார்த்தார். நான் மாமா குளோரியைப் பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு பேசத் தொடங்கினார். நெடுநேரம் பேசினார். கையால் வாசல் கட்டினார், கொத்துக் கட்டினார், குறுக்கே கைநீட்டி யாரையோ தடுத்தார். அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். வேறு மேசைகளில் நின்றவர்களும் வந்து கூடினார்கள்.

அருண் பொறுக்க முடியாமல் என் சட்டையை இழுத்தார். “சார், என்ன சொல்றாங்க? நம்ம காலேஜ் பத்தித்தானே?”

“இவங்க பொண்ணுக்கு அம்மை போட்டப்ப, தங்கியிருந்த வீட்ல வாசல்ல வேப்பிலை கட்டி யாரையும் உள்ளே விடலையாம். ஃபோன அரிசியில போட்டு மூடிட்டாங்களாம். பெத்த தாயே கூப்பிட்டும் பொண்ண அனுப்ப மாட்டேன்னுட்டாங்களாம்.”

அருணின் முகம் வெளுத்தது. “ஐயையோ. இத எதுக்கு சார் இங்க சொல்றாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். மேசைமேல் கிடந்த கையேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஆய்வகத்தைத் தாண்டினார், விடுதியைத் தாண்டினார். ஏதோ தேடுகிறார் என்று தெரிந்தது.

“இதில் அந்த மரம் எங்கே?” என்று மாமா குளோரியைக் கேட்டார்.

நான் மொழிபெயர்த்ததும் அருண் மடிக்கணினியின்மேல் குனிந்தார். முகப்பு வாயிலின் படத்தை எடுத்துப் பெரிதாக்கினார். வாயிலைத் தாண்டி, காவலாளியின் அறையைத் தாண்டி, ஓரமாக, பாதி வெட்டுப்பட்டு ஒரு பச்சை.

“இருக்கு சார்! இருக்கு!”

மாமா குளோரி எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்து, மாணவர் தேர்வுத்தாளைத் திருத்துகிற கவனத்தோடு பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் முழங்கையைத் தொட்டார்.

“அதுதான்” என்றார். “பையன் போகட்டும்.”